மீசூன் கழற்றாத பூட்ஸ்

பதினெட்டு வருஷம் கொரியாவின் பூசான் நகரத்து மீன் தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்துக் கால் வீங்கிப்போன பிறகு, சொந்தமாகக் கோழிப்பண்ணை வைக்கும் எண்ணத்தோடு அந்தச் சின்ன வேளாண் கல்லூரியில் சேர்ந்தாள் மீசூன். வயது நாற்பத்தொன்று. கூடப் படித்த அறுபது பேருக்கும் அவள் சித்தி. முதலில் அப்படிக் கூப்பிட்டவள் ஆரிம். கல்லூரி வேலிக்கு அந்தப் பக்கம் வாத்துப்பண்ணை வைத்திருந்த பே என்பவரின் மகள்.

குளிர்கால விடுமுறையில் எல்லாரும் ஊருக்குப் போய்விட, கோழிக் கொட்டகை மீசூன் பொறுப்பில் வந்தது. இயற்கை வளப் பாடத்துக்காக ஏரியில் இறங்கும் காட்டு வாத்துகளை எண்ணும் வேலையையும் அவளே வாங்கிக்கொண்டாள். ஏரிக்குப் போய்வந்தால் குளித்து, உடையும் பூட்ஸும் மாற்றாமல் கொட்டகைப் பக்கம் போகக்கூடாது. காட்டு வாத்தின் எச்சத்தில் பறவைக் காய்ச்சல் வரும்.

வியாழக்கிழமை அவள் ஏரியிலிருந்து திரும்பியபோது குழாய்த் தண்ணீர் உறைந்து கிடந்தது. உள்ளே நானூறு கோழிகள் தாகத்தில் கத்தின. வெந்நீரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கொட்டகைக்குள் உறைந்த குழாயில் ஊற்றிவிட்டு வெளியே வந்து கீழே பார்த்தபோதுதான் காலில் ஏரிச் சேறு ஒட்டியிருப்பது தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை. தரையைக் கழுவிவிட்டாள், மருந்து தெளித்தாள். வெள்ளிக்கிழமை ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் மூலையில் பதினொரு கோழிகள் செத்துக் கிடந்தன.

அந்த நோய்தான் என்றால் நானூறு கோழியோடு முடியாது. பே வீட்டுப் பன்னிரண்டாயிரம் வாத்துகளையும், நோய் பரவாமலிருக்கக் கொன்று, குழி தோண்டிப் புதைப்பார்கள். உர மேட்டுக்குப் பின்னால் பதினொன்றையும் புதைத்துவிட்டால் என்ன என்று ஒரு சாக்கைக்கூட எடுத்து வந்தாள். சாக்கைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள், எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் நோ என்ற பேராசிரியருக்குப் போன் போட்டாள். சொல்ல வந்ததைச் சொல்ல மூன்று தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஒரு மணி நேரத்தில் வெள்ளை உடுப்பில் ஆட்கள் வந்து வாசலில் கயிறு கட்டினார்கள். சின்ன வயது அதிகாரி ஒருத்தி பலகையில் காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏரிக்குப் போனீங்களா?"

"போனேன்."

"பூட்ஸ் மாத்தினீங்கதானே?"

பக்கத்தில் நின்ற நோ, மாற்றியிருப்பாள் என்ற நம்பிக்கையில் தலையாட்டினார்.

"மாத்தலைங்க," என்றாள் மீசூன்.

அவர் தலை அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பே வீட்டு வாத்துகளை ஏற்ற வரவிருந்த லாரியைத் தடுத்துவிட்டார்கள். மதியம் ஆரிம் போனில் கூப்பிட்டாள்.

"சித்தி, நீங்கதானா?"

"நான்தாம்மா."

ஆரிம் போனை வைத்துவிட்டாள்.

ஆய்வக முடிவு வரத் திங்கள் மதியம் ஆகும் என்றார்கள். அதுவரை மீசூன் விடுதியை விட்டு வெளியே வரக்கூடாது. வேகவைத்த ராமென் நூடுல்ஸ் கிண்ணத்திலேயே ஊறிப் பருத்தது, ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஞாயிறு மாலை, ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று நோ போனில் சொன்னார். மீசூனுக்குக் கண்ணை மூடினால் குழி தோண்டும் இயந்திரத்தின் சத்தம்தான் காதில் கேட்டது.

திங்கள் மதியம் முடிவு வந்தது. நோய் இல்லை. பின்சுவர் ஓட்டை வழியாக மரநாய் ஏதோ நுழைந்திருக்கிறது. மிரண்ட கோழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கியதில் அடியில் கிடந்தவை மூச்சு முட்டிச் செத்திருந்தன. மீசூன் தரையில் உட்கார்ந்தாள்.

கொட்டகைப் பொறுப்பை ஒரு வருஷத்துக்குப் பறித்துவிட்டார்கள். அது நியாயம் என்றே அவளுக்குப் பட்டது. கயிற்றை அவிழ்த்த அன்று பே வேலியோரம் வந்து நின்றார்.

"மூணு நாளா எங்க வீட்டுல யாரும் தூங்கல. நீ வாயத் தொறக்காம இருந்து, அது அந்த நோயாவும் இருந்திருந்தா, உன்னை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்," என்றார். போகத் திரும்பியவர், "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

ஆரிம் அதற்குப் பிறகு அவளோடு அளந்துதான் பேசினாள்.

இப்போது மீசூனுக்குச் சொந்தமாக ஐந்நூறு கோழிகள் இருக்கின்றன. காலையில் கதவுக் கொண்டியில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பாள். உள்ளேயிருந்து கொக்கரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் திறப்பாள்.