ஏழும் நாலும்

மேல்வீட்டுப் பெண் கீபோர்டு பழகுகிறாள். சாரல் விழும் மதியமாகப் பார்த்துத்தான் உட்காருவாள். இந்த வாரம் ஏதோ கோணல் தாளம். சோற்றில் கை வைத்தபடியே எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். ஏழு வந்ததும் சாப்பாடு இறங்குவதில்லை.

குற்றாலத்தில் மாடசாமி அண்ணாச்சி மேனேஜராக இருந்த லாட்ஜுக்குக் கொரியர் கொண்டுபோவேன். ஹாலில் பழைய பியானோ ஒன்று. முந்தைய முதலாளி விட்டுப்போனது. அதன்மேல் துவைத்த தலையணை உறைகளை அடுக்கியிருப்பார்கள். மூடியைத் திறந்தால் சோப்பு வாசனைதான் முதலில் வரும். செல்போன் வீடியோ பார்த்து இருவரும் பழகினோம். நாற்பது வயதில் இது தேவையா என்று நீங்களும் கேட்காதீர்கள், என் மனைவி கேட்டே அலுத்துவிட்டாள். என் விரல்கள் பாவூர்சத்திரம் சந்தை முருங்கைக்காய். நீளம் உண்டு, வளையாது.

அண்ணாச்சிக்கு நேரான தாளம் பிடிக்காது. "எல்லாரும் போற ரோட்டுல நாம என்னத்துக்கு வே போகணும்?" என்பார். நான் ஓரமாக உட்கார்ந்து ஏழு ஏழாகத் தட்ட, அவர் நாலு நாலாக மெட்டை ஓட்டுவார். முட்டி மோதி இருபத்தெட்டு தட்டு முடிந்தால்தான் இரண்டும் ஒன்றுசேரும். மூன்று மாதமாகச் சேரவே இல்லை.

சேர்ந்த அன்று நல்ல சீசன். அவர் மனைவி ராணியக்கா லாட்ஜுக்குப் பின்னால் ஓடையில் பெட்ஷீட் அலசப் போயிருந்தார். முதல் சுற்று சரியாக வந்து விழுந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அண்ணாச்சி தலையை நிமிர்த்தினார்.

"வே, அருவிச் சத்தம் தடிச்சிருக்குலா? மலையில பேயுது போல. ராணிய ஒரு எட்டு கூட்டிட்டு வந்துருதேன்."

"கைய எடுத்துராதிய அண்ணாச்சி, இப்பதான வருது. இன்னும் ரெண்டே சுத்து."

அவர் எடுக்கவில்லை. இரண்டு சுற்றும் சுத்தமாக வந்தது. அரை நிமிஷம் இருக்கும். நான் சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

அப்புறம்தான் அருவிப் பக்கமிருந்து ஆட்களை வெளியேற்றுகிற போலீஸ் விசில். ஓடிப்போய்ப் பார்த்தால் ஓடை செந்தண்ணியாகக் கரையேறிப் போகிறது. துவைக்கிற கல்லைக் காணோம். பாறையில் ஒரு பெட்ஷீட் மட்டும் சுற்றிக் கிடந்தது. அக்காவை மறுநாள்தான் எடுத்தார்கள்.

அந்த இரண்டு சுற்றைப் பற்றி அண்ணாச்சி யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. திட்டியிருக்கலாம். செங்கோட்டைக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். லாட்ஜை இடித்துக் கார் நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். பியானோ எங்கே போனதோ.

மேல்வீட்டுப் பெண் தப்பாக வாசிக்கும்வரை எனக்கு நிம்மதி. என்றைக்காவது சரியாக வந்துவிட்டால், சோற்றுக் கையோடு எழுந்து, என் மனைவி எந்த அறையில் இருக்கிறாள் என்று கூப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.