ஜெயபிரியாவின் கொலுவில் எங்கள் முடுக்கு

எங்கள் தெரு ஜெயபிரியாவை யாராவது 'பாவம், அப்பிராணி' என்றால் எனக்குச் சிரிப்பு வரும். அப்பிராணியா அவள்? கொலு பார்க்க வந்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

தென்காசியில் மற்ற வீட்டுக் கொலுவில் மண் பொம்மை இருக்கும். இவள் வீட்டில் படிகளுக்குக் கீழே குற்றாலமே இருக்கும். மகன் விளையாடிப் போட்ட பிளாஸ்டிக் பிளாக்ஸில் ஆரம்பித்தது. பிறகு துபாயிலிருக்கும் தம்பி பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தான். நீலக் கட்டியில் அருவி, துண்டு கட்டிய ஆட்கள், சிப்ஸ் கடை, பரோட்டாக் கல் முன்னால் அவள் புருஷன் வேல்ராஜ். நிஜத்திலும் அவன் பரோட்டா மாஸ்டர்தான்.

போன சாரல் சமயம் ஒரு மத்தியானம், வேல்ராஜுக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. ஆம்புலன்ஸ் எங்கள் முடுக்கு முனையில் வந்து நின்றது. அந்தச் சந்து எல்லாருக்கும் பொது. ஆனால் முனை வீட்டுக் குத்தாலிங்கம் தன் பைக் களவு போய்விடும் என்று அதில் இரும்பு கேட் போட்டிருந்தார். மத்தியானமானால் பூட்டிவிடுவார். நாங்கள் பின்னால் சாக்கடையைத் தாண்டித்தான் போய்வர வேண்டும்.

ஜெயபிரியா கேட்டைப் பிடித்து உலுக்கினாள். குத்தாலிங்கத்தின் மனைவி ஸ்ரீதேவி ஜன்னலில் நின்றுகொண்டு, "அவுக தூங்குதாக. எழுப்பினா ஏசுவாக" என்றாள்.

நாசமாய்ப் போன தூக்கம்! வேல்ராஜை நாற்காலியில் வைத்து, சாக்கடையைத் தாண்டி, தெருவைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினோம். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் கை தப்பித்திருக்கும் என்றார் டாக்டர்.

"ஏட்டி, அந்த ஆள நாக்கப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேளேன்" என்றேன்.

"அந்த கேட்டு போகணும்க்கா. அவுக கையாலயே போகணும். கொலு வரட்டும்" என்றாள்.

கொலு வந்தது. அருவி இல்லை. எங்கள் முடுக்கு இருந்தது. கேட், பூட்டு, வெளியே வெள்ளை வண்டி, நாற்காலியைத் தூக்கும் ஆட்கள். முனையில் ஊதா வீடு, மாடியில் சிவப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே கட்டிலில் ஒருத்தர் தூங்குகிறார், இடுப்பில் மஞ்சள் சாவி.

குங்குமச் சிமிழோடு போய் ஸ்ரீதேவியை முதல் ஆளாக அழைத்தாள். ஸ்ரீதேவி மகளுக்குப் பேசி வைத்திருந்த கடையத்துச் சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இந்த வண்டி ஏன் வெளியவே நிக்கு?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"சாவி வச்சிருக்கவுக தூங்குதாகம்மா" என்று சுண்டலை நீட்டினாள் ஜெயபிரியா.

சம்பந்தியம்மா ஊதா வீட்டைக் குனிந்து பார்த்தார். "இது உங்க வீடுல்லா?" என்று ஸ்ரீதேவியிடம் கேட்டார். ஸ்ரீதேவி முகம் செத்துப்போயிற்று. எனக்கு வயிறு குளிர்ந்தது.

போகும்போது ஸ்ரீதேவி ஜெயபிரியாவின் கையைப் பிடித்தாள். "ஏட்டி, அந்த வீட்ட மட்டும் எடுத்துரு."

"கொலுவுல வச்சத நடுவுல எடுக்கக் கூடாதுக்கா. ஆகாதுல்லா?"

மறுநாள் காலையில் குத்தாலிங்கமே ஸ்பேனரோடு வந்தார். அடுப்பில் வைத்த டீ கொதிக்கும் முன்னே கேட் கழன்றுவிட்டது. ஜெயபிரியா வாசலில் நின்று பார்த்தாள். "இவ்வளவுதானாக்கா? இவ்வளவு நேரந்தானா?" என்றாள்.

விஜயதசமி சாயங்காலம் ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால் கொலு முடிந்தது. கேட்டை எடுத்துவிட்ட தெம்பில் குத்தாலிங்கமும் வந்து, சுண்டல் வாங்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் வேல்ராஜ் இடது கையால் தின்றுகொண்டிருந்தான்.

ஜெயபிரியா எந்தப் பொம்மையையும் படுக்க வைக்கவில்லை. ஊதா வீட்டுக்குள் கையை விட்டு, கட்டிலில் கிடந்தவரைத் தூக்கி நிறுத்தினாள்.

"எந்திரிங்க அண்ணாச்சி" என்றாள். "வண்டி வந்து நிக்கு."