எல்.என்.பி. அண்ணாச்சிக்கு ஒரு திருத்தம்

தங்கப்பழம் அண்ணாச்சி போய்விட்டார். காலையில் அவர் கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடையிலிருந்து போன் வந்தது.

டிஷ் ஆன்டெனா மாட்டுகிறவர். திரேஸ்புரத்திலிருந்து முத்தையாபுரம் வரை அவர் ஏறாத மொட்டைமாடி குறைவு.

டிஷ்ஷுக்கு முன்னால், கம்பியின் நுனியில், கைப்பிடி அளவுக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் எல்.என்.பி. டிஷ் குடையில் விழும் சிக்னலை வாங்கி டி.வி.க்கு அனுப்புவது அதுதான். எங்கள் ஊர் உப்புக்காற்றில் முதலில் கெடுவதும் அதுதான். அதனால் அவருக்கு எல்.என்.பி. அண்ணாச்சி என்றே பெயர்.

முத்தையாபுரத்தில் நான் குடிவந்த புதிதில், நானே போய் நாலு அவுட்புட் உள்ள எல்.என்.பி. ஒன்றை வாங்கி வந்தேன். அதிகம் இருந்தால் நல்லதுதானே என்ற நினைப்பு.

அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"வீட்ல எத்தன டி.வி. சார்?"

"ஒண்ணுதான் அண்ணாச்சி."

"பொறவு நாலு வாய் எதுக்கு? ஒண்ணுல ஒயரு போவும். மிச்ச மூணுல உப்புக்காத்து போவும்."

அதைத் திருப்பிக் கொடுக்க வைத்து, ஒரு வாய் உள்ளதை மாட்டினார். ஒயர் சேரும் இடத்தில் ரப்பர் டேப் சுற்றி, ஒயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டார். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது என்றார்.

நான் அப்போது ஒரு பேப்பரில் நிருபர். அந்த வளைவைப் பார்த்துத்தான் எழுதத் தோன்றியது. மழைக்காலத்துக்கு முன் டிஷ்ஷைப் பாதுகாப்பது எப்படி என்று ஒரு பெட்டிச் செய்தி. கடையில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்.

"கம்பி, கிளாம்பு, போல்ட்டு எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிச்சிருங்க. எல்.என்.பி. மூஞ்சியில மட்டும் பட்டுறக் கூடாது. சிக்னல் உள்ள போவாது."

பக்கத்தில் இடம் போதவில்லை. மூஞ்சியில் படக் கூடாது என்ற கடைசி வரியை வெட்டினேன்... நான்தான். டெஸ்க்கில் திருத்துகிறவர்கள் அல்ல.

வேறு ஊராக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. திரேஸ்புரத்தில் வீட்டுக்கு வீடு மீன்பிடி வள்ளத்துக்கு அடித்த பெயிண்ட் மிச்சம் இருக்கும். துரு ஏறுகிற எதைக் கண்டாலும் சில்வர் பெயிண்ட் அடித்துவிடுவது அங்கே வழக்கம். கம்பிக்கு அடித்த கையோடு எல்.என்.பி.யின் மூஞ்சியான பிளாஸ்டிக் மூடிக்கும் சேர்த்து அடித்துவிட்டார்கள். பெயிண்டில் உள்ள அலுமினியப் பொடி சிக்னலை மறித்துவிட்டது.

தெருத்தெருவாக டி.வி. நின்றுபோனது.

ஒரு நாள் அவருடன் போனேன். ஒரு வீட்டில் அந்தம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாரும் அண்ணாச்சி. நீரு சொன்னீருன்னு பேப்பர்ல போட்டிருக்குன்னுதான எங்க வீட்டுக்காரரு ரெண்டு கோட்டு அடிச்சாரு. இப்ப குடை நல்லா மினுங்குது. படந்தான் வரல."

"ரெண்டு கோட்டா! வள்ளத்துக்கே ஒரு கோட்டுதானம்மா அடிப்பாவ."

"சிரிப்பு வேற. இவரு ஆரு?"

"நம்ம சாரு. சும்மா கூட வந்தாவ."

ஏணியில் ஏறிவிட்டார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

தின்னர் போட்டால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். பிளேடால்தான் சுரண்ட வேண்டும், மெதுவாக. சில வீடுகளில் முழுசாகவே மாற்ற வேண்டியிருந்தது. பெயிண்ட் அடிக்கச் சொன்ன ஆள் என்று பேர் ஆகி, பலர் வேறு ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

திரும்பும் வழியில் ஒன்று மட்டும் கேட்டார்.

"ஒரு வரி போட்டுருங்க சார். நான் அப்பிடிச் சொல்லலன்னு."

"நாளைக்கே போடுறேன் அண்ணாச்சி."

ஆபீஸில் சொன்னேன். "டிஷ்ஷுக்கெல்லாமா திருத்தம்?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு சரி.

பிறகு நான் அவர் கடைப்பக்கம் போகவே இல்லை. போன் செய்தால் அவரே என் வீட்டுக்கு வருவார். அந்த வரியைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

போன மழைக்குப் பிறகு வந்தபோது அவரால் ஏணி ஏற முடியவில்லை. முழங்கால். நான் மாடியில் எல்.என்.பி.யைத் திருக, அவர் முற்றத்தில் நிற்க, என் மனைவி உள்ளே டி.வி. முன்னால் இருந்து, திரையில் தெரியும் சிக்னல் எண்ணை வாசித்தாள்.

"கொஞ்சம் எடப்பக்கம் சார்... கொஞ்சம்னா கொஞ்சம்! ஆட்டுக்கல்லா சுத்துதிய?"

"எழுபத்தி ரெண்டு அண்ணாச்சி!" என்று உள்ளேயிருந்து குரல்.

"போதும். கைய எடுத்துட்டு வாங்க. ஆசப்பட்டா உள்ளதும் போயிரும்."

அந்த வரியைப் போடாததை அன்று சொல்லிவிடலாம் என்றுதான் கீழே இறங்கினேன். காபி குடித்தார். அவர் மருமகள் ஊர் ஆழ்வார்திருநகரி பற்றி ஏதோ பேசினோம். பஸ் வந்துவிட்டது...

இன்று போனேன். இரங்கல் போஸ்டருக்குப் போட்டோ தேடி அவர் மகள் கடையைத் திறந்திருந்தார். உள்ளே சுவரில், ரீசார்ஜ் அட்டைகளுக்குப் பக்கத்தில், என் பெட்டிச் செய்தி. செல்லோடேப் மஞ்சளாகிவிட்டது.

அதற்குக் கீழே நீல மையில் ஒரு வரி, அவர் கையெழுத்தில்.

"அப்பா வாரவங்களுக்கெல்லாம் இதக் காட்டித்தான் பேசுவாங்க சார்" என்றார் மகள். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றுவிட்டேன். போட எனக்குப் பேப்பர் இல்லை. அந்த வரியை இங்கே போடுகிறேன்.

"எல்.என்.பி. மூடியில் பெயிண்ட் படக்கூடாது."

சொன்னவர் தங்கப்பழம் அண்ணாச்சி. வெட்டியவன் நான்.

பார்த்து ஏறுங்க, அண்ணாச்சி.