தந்திப் பரீட்சையும் தொலைந்த தூக்கமும்

பரீட்சைக்கு முன்னால் தூக்கத்தைத் தொலைத்த சகோதரர்களே, தந்தி ஆபீசில் அதைத் தொலைப்பது தனி ரகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மலாயாவின் கிள்ளானில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். தந்திப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதும் போனால் தபால் மூட்டை தூக்க அனுப்பிவிடுவார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் தகப்பனார், தந்திக்காரனுக்குத்தான் பெண் என்று சொல்லியிருந்தார். மூட்டைக்காரனைப் பற்றிப் பேச்சே இல்லை.

நல்ல சேதி

பல நாள் கண் மூடாத முகத்தோடு கவுன்டரில் நின்றேன். டெங்கில் என்ற ஊரின் ரப்பர் தோட்டத்து ஆள் ஒருவர் தந்தி வாங்க வந்தார். நான் நீட்டியதும் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். அப்போதெல்லாம் தந்தி என்றாலே சாவுதானே. ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று உரக்கப் படித்தேன். நம்பவில்லை. மூத்த தந்திக்காரர் கந்தையா அண்ணன் வந்து படித்த பிறகுதான் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"தம்பி, ஒங்க மேல தப்பில்ல. ஆனா இனிமே நல்ல சேதின்னா வேற ஆள விட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

கட்டில்

கந்தையா அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். என்னோடு ஒரே அறையில் இருந்தார். பொட்டுத் தூக்கம் இல்லை என்று ஒரு காலையில் அவரிடம் புலம்பினேன். மருந்து ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"நீர் நல்லா நித்திரை கொண்டனீர். விரலாலை கட்டில் சட்டத்திலை தந்தி தட்டித் தட்டிக் கோலாலம்பூரைக் கூப்பிட்டுக்கொண்டு கிடந்தனீர். அங்கை ஒருத்தரும் எடுக்கேல்லை. கடைசியிலை நான்தான் சுவரிலை தட்டிப் பதில் அனுப்பினனான். அதுக்குப் பிறகுதான் நீர் அடங்கினீர்."

ரிசல்ட்

பரீட்சையை எப்படி முடித்தேன் என்பது நினைவில்லை. தேறியவர்கள் பெயர் கோலாலம்பூரிலிருந்து தந்தியில் வந்தது. தந்திக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான்தான். கடிதமாக இருந்தால் கண்ணை ஓட்டித் தேடலாம்; தந்தி எழுத்து எழுத்தாகத்தான் வரும். யார் யாரோ தேறியதையெல்லாம் என் கையால் எழுதினேன். பிறகு என் பெயரின் முதல் எழுத்து வந்தது. அதே எழுத்தில் எங்கள் ஆபீசில் இன்னொருவனும் பரீட்சை எழுதியிருந்தான். இரண்டாவது எழுத்தும் இருவருக்கும் ஒன்றுதான். மூன்றாவது எழுத்து என்னுடையது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். கண்ணீர் பட்டு மைப் பென்சில் எழுத்தெல்லாம் ஊதாவாக ஓடியது. பின்னால் நின்ற தலைமைக் குமாஸ்தா, எங்கள் பெரிய கிராணி, தோளைத் தட்டினார்.

"அழுவுறதுன்னா தாள நகத்தி வச்சிட்டு அழுய்யா. நீ மட்டுமா பாஸு? பாக்கிப் பேரு வந்துகிட்டிருக்கு."

தேறினால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நம்பியிருந்த எனக்கு, புதிதாகத் தேறியவர்களுக்கு முதல் வருஷம் முழுக்க ராத்திரி வேலை என்று மறுநாள் உத்தரவு வந்தது.