இரண்டு பூட்டுகள் தொங்கும் கதவு

எங்கள் தோப்பு மோட்டார் அறைக் கதவில் இன்னும் இரண்டு பூட்டுகள் தொங்குகின்றன. ஒன்று அப்பா போட்டது, மற்றது பெரியப்பா போட்டது. பொள்ளாச்சிப் பக்கம் அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரித்தாலும் கிணற்றைப் பிரிப்பதில்லை; முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். யார் முறை என்று தகராறு வந்தபோது ஒருவர் பூட்டினார். மற்றவர் விடுவாரா, தன் பங்குக்கு இன்னொன்றைப் பூட்டினார். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும் என்றாகிவிட்டது. வறட்டுக் கௌரவத்தில் எங்கள் குடும்பத்துக்குக் குறைச்சலே இல்லை.

இரண்டு வீட்டுத் தேங்காயையும் வாங்கியவர் கோவையிலிருந்து வரும் ஒரு கொப்பரை வியாபாரி. பாய் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டாம் வருடமாக மழை பொய்த்து, பூட்டுகளும் திறக்காமல் கிடந்த அந்தக் கோடையில் காஸா செய்தி வராத நாளில்லை. மோர் குடித்துக்கொண்டே பாய் பேசுவார். இரண்டு தனி நாடுகளா, எல்லோருக்கும் சம உரிமையுள்ள ஒரே நாடா, இரண்டாக இருந்து எருசலேமையும் தண்ணீரையும் பொதுவில் ஆள்வதா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அதிலுள்ள சிக்கலையும் அவரே சொல்வார். குடியேற்றங்களை என்ன செய்வது, அகதிகள் எங்கே திரும்புவது, இஸ்ரேல்காரர்களின் பயத்துக்கு யார் உறுதி தருவது?

"ஏனுங்க பாய், நம்ம கிணத்துத் தகராறு மாதிரிதானுங்களே?" என்றார் அப்பா ஒருநாள்.

பாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "இல்லீங்க. நீங்க ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கறீங்க. அங்க கொழந்தைகளப் பொதைக்கறாங்க. எந்த ஏற்பாடா இருந்தாலும் செரிங்க, ஆளுக உசுரோட இருக்கறப்பவே வரோணுமுங்க." அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். சற்றுநேரம் கழித்து, "சாவியக் குடுங்க, பெரியவர்கிட்டயும் வாங்கியாறேன். மரம் காயுதுங்க" என்றார்.

"அண்ணன் மொதல்ல குடுக்கட்டுங்க" என்றார் அப்பா. பாய் பெரியப்பாவிடம் போனார்; அவரோ, "தம்பி மொதல்ல குடுக்கட்டுங்க" என்றாராம். பாய் வெயிலில் தலைகுனிந்து நடந்து போனது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அடுத்த மாதமே மாரடைப்பில் பாய் போய்விட்டார். அடக்கம் முடிந்து அப்பாவும் பெரியப்பாவும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். நேராகத் தோப்புக்குப் போய் ஆளுக்கொரு பூட்டைத் திறந்தார்கள். அதற்குள் மரங்கள் குருத்துக் காய்ந்து கொண்டை சாய்ந்துவிட்டன. ஒன்றுகூடத் தேறவில்லை.

நேற்றும் தொலைக்காட்சியில் இரண்டு நாடா, ஒரே நாடா என்று பேசினார்கள். பேச்சு யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்பதில் வந்து நின்றது. அணைத்துவிட்டுத் தோப்புப் பக்கம் போனேன். பூட்டுகள் திறந்தபடியே தொங்குகின்றன. மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது. பாய்ச்சத்தான் மரமில்லை.