அழுத்தச் சொன்னவள்

கடைக்குப் போகக் கூட்டேரிப்பட்டில் ஏறும்போது பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கலைமதி உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது உயிர் போய்விடும். திண்டிவனத்தில் பதினெட்டு வருஷமாகத் தையல்கடை வைத்திருப்பவள். இடுப்புவலிக்கு மட்டும் வயது ஆறு. மாத்திரை, தைலம், பெல்ட் எல்லாம் பார்த்தாயிற்று.

கடைசியில் கடைக்குப் பக்கத்துத் தெரு ஃபர்ஹானாவிடம் போனாள். கோட்டக்குப்பத்துப் பெண். துபாய் ஓட்டல் ஒன்றில் மசாஜ் வேலை முறையாகக் கற்று வந்து, பெண்களுக்கு மட்டும் என்று ஓர் அறை போட்டிருந்தாள். வாரம் ஒருமுறை அவள் கை பட்டால் இரண்டு நாள் கலைமதி நிமிர்ந்து நடப்பாள். மூன்றாம் நாள் பழைய கதைதான்.

முக்கால் மணி நேரம் குப்புறப் படுத்திருப்பதே அவளுக்குப் பெரும்பாடு. ஆவணி முகூர்த்தம், கடையில் முப்பது ஜாக்கெட் கிடந்தது. தலையைத் தூக்கி மணி கேட்பாள், இன்னும் பலமாக அழுத்தச் சொல்வாள். பலமாக அழுத்தினால் சதை இறுகிக்கொள்ளும், இந்த மசாஜே வலியை அடக்கி வைக்கத்தான், குணமாக்க அல்ல என்று ஃபர்ஹானா சொல்லிப் பார்த்தாள். காதில் ஏறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மோட்டார் மெஷின் பெடலில் வைத்த கால் கலைமதிக்குத் தெரியவேயில்லை. எடுத்துவிட்டதாக நினைத்தாள், ஊசியோ ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணப்பெண்ணின் பட்டு ஜாக்கெட்டில் தையல் கோணிப்போனது. அதைப் பிரிக்கக்கூட நிற்காமல் ஃபர்ஹானாவிடம் வந்து படுத்தாள்.

"இன்னிக்கு நல்லா அழுத்திடும்மா. காலு வேற மரத்துக்கினு வருது."

ஃபர்ஹானாவின் கை நின்றது. எத்தனை நாளாக என்று கேட்டாள். பத்து நாளாம். சொன்னால் தைக்கக் கூடாது என்பார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லையாம்.

"எழுந்துருங்கக்கா. இனிமே டாக்டர் பாக்காம நான் கை வைக்க மாட்டேன்."

"முகூர்த்தம் முடியட்டும், போறேன்."

"காலே போய்ட்டா எந்த முகூர்த்தத்துக்குத் தைப்பீங்க?"

கலைமதி மெல்லப் புரண்டு எழுந்தாள். ஃபர்ஹானாவே கூட வந்து விழுப்புரம் பஸ் ஏற்றினாள். அங்கே ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு எல்லோரும் வரிசையில் உட்கார்ந்திருக்க, கலைமதி வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். முதுகுத்தண்டில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை, ஆறு வாரம் மெஷினில் உட்காரக் கூடாது என்றார் டாக்டர்.

அந்த ஆறு வாரமும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துணியை வெட்டி வெளியே தைக்கக் கொடுத்தாள், தையல் சரியில்லை என்று புலம்பினாள். சொல்லிக் கொடுத்த பயிற்சிகளை முனகிக்கொண்டே செய்தாள். மெல்ல உள்ளங்காலில் உணர்ச்சி திரும்பியது. டாக்டர் சரி என்ற பிறகுதான் ஃபர்ஹானா மறுபடி கை வைத்தாள், அதுவும் இதமாக.

வலி முழுசாகப் போய்விடவில்லை. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கடைவாசல் வரை நடந்துவிட்டு வருகிறாள். இவ்வளவுதான் முடியும் என்று சிலரைத் திருப்பி அனுப்புகிறாள். அனுப்பிவிட்டு, அனுப்பியிருக்கக் கூடாதோ என்று அன்று முழுக்க முணுமுணுக்கிறாள்.