வெறுந்தண்ணீர் வரிசை

எந்தப் படிவத்தை நிரப்பினாலும் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் 'ஆய்வக உதவியாளர்' என்று மகள் எழுதுவாள். பொய்யில்லை. ஆனால் பத்தொன்பது வருடமாக அம்மா செய்துவந்த வேலை பேன் எண்ணுவது. தலைப்பேன் அல்ல, செடிப்பேன். இலையின் அடிப்பக்கத்தில் குடும்பம் குடும்பமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும், கடுகளவுகூட இல்லாத பச்சைப் பூச்சி. அதனால் ஆராய்ச்சி நிலையத்தில் அவள் எல்லோருக்கும் பேன் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த காவலாளிக்கும் அக்காதான்.

எண்ணுவது லேசு என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து எண்ணிப் பார்க்கலாம். இடது கையால் இலையை மெல்லத் திருப்ப வேண்டும். மூச்சை அடக்க வேண்டும்; சூடான மூச்சு பட்டால் பாதிப் பேன் உதிர்ந்துவிடும், அதோடு கணக்கும் உதிர்ந்துவிடும். வலது கையில் எண்ணிக்கை காட்டும் ஒரு சின்னக் கருவி, ஒரு பேனுக்கு ஒரு அமுக்கு. தூக்கத்திலும் அவள் கட்டைவிரல் அமுக்கிக்கொண்டே இருக்கும் என்பான் புருஷன்.

பேன்களிடம் அவளுக்குப் பகை கிடையாது. மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையா என்று துருவித் துருவிக் கேட்ட நாத்தனாரிடம் ஒருமுறை சொன்னாள்: "எங்க பேனுங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல அண்ணி. ஆம்பளையே வேணாம். பொறக்கும்போதே வயித்துல புள்ளையோட பொறக்குதுங்க." நாத்தனார் ஒரு வருடம் பேசவில்லை. நல்ல வருடம் அது.

கண்ணாடிக் கூரை போட்ட ஒரு நீளக் கூடம்தான் அவளுடைய ராஜ்ஜியம். இடப்பக்கம் நாற்பது தொட்டி, வலப்பக்கம் நாற்பது தொட்டி, எல்லாவற்றிலும் குடைமிளகாய்ச் செடி. இடது வரிசைக்கு வாரம் ஒருமுறை கிருமி கலந்த தண்ணீர், வலது வரிசைக்கு வெறுந்தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு பேனை விட்டுவிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு பெருகுகிறது என்று அவள் எண்ண வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குச் சொந்தக்காரி டாக்டரம்மா. ஊசி போடத் தெரியாத டாக்டர். ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம்.

டாக்டரம்மா ஆரம்பத்திலேயே விளக்கிச் சொன்னாள். "கிருமின்னா எல்லாமே கெட்டது இல்லக்கா. இது வேர்ல போய்க் குடியிருக்கும். திருடன் வரான், கதவைச் சாத்துன்னு செடிக்குச் சொல்லி வைக்கும்." அப்படிச் சொல்லி வைத்துவிட்டால், பேன் வாய் வைத்ததும் இலை சுதாரித்துக்கொள்ளும், சாறு அதற்குப் பிடிக்காமல் போகும், குட்டி போடுவது குறையும். பேனைக் கொல்லும் சின்னக் குளவிகளுக்கு ஆள் அனுப்பியதுபோல, செடி ஒரு வாசனையும் விடும். விஷமே தெளிக்க வேண்டாம். நிறையக் கிருமியும் வேண்டாம். "ஒரு சொட்டு போதும், மிச்சத்த அதுங்களே பெருக்கிக்கும்" என்றாள் டாக்டரம்மா. அந்தப் பேச்சு பேன் அக்காவின் காதில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே ஏழு வருடம் கிடந்தது.

முதல் வருடம் வலது வரிசையில் இலைக்கு அறுபது பேன். இடது வரிசையில் பதினொன்று. டாக்டரம்மா கூடத்திலேயே துள்ளினாள்.

இரண்டாம் வருடம் குழாய்க்கு மேலே ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். 'ஒரு சொட்டு நீரும் வீணாகக் கூடாது.' கீழே கையெழுத்து இல்லை. அந்த நிலையத்தில் அறிவிப்புகள் தானாக முளைப்பவை.

கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பூவாளி. கிருமித் தண்ணீரை இடது வரிசைக்கு ஊற்றியபின் அதை மூன்று முறை கழுவி, கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, பிறகுதான் வலது வரிசைக்கு வெறுந்தண்ணீர் பிடிக்க வேண்டும். முதல் வருடம் முழுக்க அப்படித்தான் செய்தாள். அறிவிப்பு வந்தபிறகு, தலைக்கு மேலே அப்படி எழுதியிருக்க, மூன்று பூவாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட அவளுக்குக் கை வரவில்லை. கழுவின தண்ணீர்தானே என்று வலது வரிசைக்கு ஊற்றினாள். அந்த வரிசைமேல் அவளுக்கு ஒரு பரிதாபமும் உண்டு. எதிர் வரிசைக்கு வாராவாரம் உபசாரம் நடக்க, இதற்கு மட்டும் ஒன்றுமில்லை. வீட்டில் இரண்டு பிள்ளை இருந்தால் ஒன்றுக்கு மட்டும் பால் கொடுத்து மற்றதைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்ல முடியுமா?

அந்த வருட முடிவில் நிர்வாகம் அவளுக்கு நீர்ச் சேமிப்புக்கான பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. அதற்குச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினாள்.

அந்த வருடத்திலிருந்து இரண்டு வரிசையும் ஒன்றுபோல ஆகிவிட்டன. இங்கே பத்து, அங்கே பன்னிரண்டு. டாக்டரம்மா விதையைச் சந்தேகப்பட்டாள், வெயிலைச் சந்தேகப்பட்டாள், கிருமிக்கு வீரியம் போய்விட்டதோ என்று புதிதாக வளர்த்தாள். இந்த ரகமே இயல்பில் பலசாலி, அதனால்தான் இரண்டு பக்கமும் பேன் குறைவு, கிருமிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்றார்கள் மேலே இருந்தவர்கள். முதல் வருடம் ஏதோ கைத்தவறு என்றும் சொன்னார்கள். இப்படியே ஆறு வருடம். பேன் அக்காவின் எண்ணிக்கையை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

கடைசியில் ஒரு கடிதம் வந்தது. வரும் புதன்கிழமை குழு கூடும். கிருமியால் பயன் உண்டென்று காட்டினால் விவசாயிகளின் வயலுக்குப் போகலாம்; இல்லையென்றால் கூடத்தை மூடிவிடுவார்கள். டாக்டரம்மாவுக்குக் கிருமி போகும். பேன் அக்காவுக்குக் கூடமே போகும். ஐம்பத்து மூன்று வயதில், பேன் எண்ணத் தெரியும் என்று வேறெங்கே போய்ச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புருஷன் சுவரைத் தூசி தட்டிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளன்; கை கழுவச் சொல்லி முப்பது வருடமாகத் திட்டு வாங்கி, இப்போது மற்றவர்களைத் திட்டுபவன். பத்திரத்தைத் துடைத்தபடியே, அப்படி என்ன தண்ணீரைத்தான் மிச்சம் பிடித்தாய் என்று சும்மா கேட்டான். அவளும் சும்மா சொன்னாள். அவன் துணியைக் கீழே வைத்தான்.

"அதாவது, இந்த வார்டுல பாத்திரம் கழுவின தண்ணிய அடுத்த வார்டுக்குக் குடிக்கக் கொடுத்திருக்க."

"சீக்கு இல்லயே. அது நல்ல கிருமிங்க."

"நல்லதோ கெட்டதோ, ஒட்டிக்கும்ல?"

ஏழு வருடமாகக் காதில் கிடந்த அந்த ஒரு சொட்டு அப்போதுதான் உள்ளே இறங்கியது. அறுபது, பதினொன்று, பத்து, பன்னிரண்டு என்று எண்கள் வரிசையாக வந்து நின்றன. கட்டைவிரல் அசையவில்லை.

வாயைத் திறக்காதே, எப்படியும் மூடத்தான் போகிறார்கள், பழியையும் சேர்த்து ஏன் சுமக்கிறாய் என்றான் புருஷன். கெட்ட யோசனை என்று சொல்ல முடியாது. ஆனால் அவள், "எண்ணினது நான்ல" என்றாள்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் சொன்னாள். டாக்டரம்மா பூவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப வேலை செஞ்சிருக்குக்கா. ஆறு வருஷமா, ரெண்டு பக்கமும் வேலை செஞ்சிருக்கு." முகத்தில் இருந்தது சிரிப்பா என்று பேன் அக்காவுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் டாக்டரம்மாவே கடைக்குப் போய்ச் சிவப்பாக இன்னொரு பூவாளி வாங்கி வந்தாள். ஒரே ஒரு வருடம் கேட்போம், இரண்டு பூவாளியோடு காட்டுவோம் என்றாள். செவ்வாய்க்கிழமை முழுவதும் அந்தச் சிவப்புப் பூவாளி வலது வரிசைப் பக்கம் புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது.

குழுவில் ஐந்து பேர். டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். மறுக்கப் போகிறவர்களுக்கு இருக்கும் பொறுமை. 'வித்தியாசம் இல்லை' என்ற ஆறு வருடக் கணக்கு அதுவரை ஒரு முடிவாகவாவது இருந்தது. உண்மை தெரிந்ததும் அந்த முடிவும் இல்லாமல் போயிற்று. முதல் வருடக் கணக்கு இருக்கிறதே என்றாள் டாக்டரம்மா. ஒரு வருடத்தை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள். ஒரு பூவாளியைக் கழுவத் தெரியாத இடத்துக்கு இன்னொரு வருடமா என்று ஒருவர் கேட்டார். மூன்று முறை கழுவினேன் ஐயா என்று பேன் அக்கா வாசலில் நின்று சொன்னாள். அது யாருக்கும் கேட்கவில்லை. கூடத்தை மூடும் உத்தரவில், நிலையத்தின் நீர்ச் சேமிப்பு மட்டும் பாராட்டத்தக்கது என்று ஒரு வரி இருந்தது.

ஆராய்ச்சிக் கிருமி வெளியே போகக் கூடாது என்பது விதி. எண்பது தொட்டி மண்ணையும் பெரிய உருளையில் போட்டு நீராவியில் வேகவைக்க வேண்டும். அவளே தள்ளிக்கொண்டு போய் வேகவைத்தாள். மண் வேகும் வாசனை மழை வாசனை போலவே இருந்தது; அந்தக் கொடுமை வேறு. செடிகளைப் பிடுங்குவதற்கு முன்னால், யாரும் கேட்காமலே ஒரு முறை எண்ணினாள். இடது ஒன்பது, வலது பத்து. எழுதி வைத்தாள். வாங்கிப் பார்க்க டாக்டரம்மா அங்கே இல்லை. எங்கோ ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்டாள்.

கடைசியாகப் பழைய பூவாளியைக் கழுவினாள், மூன்று முறை. கழுவிய தண்ணீரோடு பழக்கதோஷத்தில் வலப்பக்கம் திரும்பினாள். அங்கே தரையில் நாற்பது ஈர வட்டங்கள் இருந்தன. பிறகு குழாயடிக்கு வந்து, அறிவிப்புக்குக் கீழே நின்று, தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள்.